டோல் ரோட்டில் அபராதம் போட யாருக்கு அதிகாரம்?

கேள்வி: எங்கள் ஊர் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. அந்த நாற்கரச் சாலையின் டோல்கேட்டை ஒரு தனியார் கம்பெனி நடத்துகிறது. போன மாதம் பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வந்தவன், யூ டர்னுக்கு இரண்டு கிலோமீட்டர் போய்ச் சுற்ற வேண்டுமே என்று எங்கள் ஊர் திருப்பம் வரை ராங் சைடில் காரை ஓட்டினேன். கம்பெனியின் ரோந்து வண்டி மறித்தது. பளபளக்கும் ஜாக்கெட் போட்டிருந்த ஒருவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "ஃபைன் கட்டினால்தான் வண்டி" என்றார். 1,000 ரூபாய் கொடுத்தேன். கம்பெனி பெயர் அச்சடித்த ரசீது தந்தார்கள். அடுத்த வாரமே, அதே சாலையில் அதிக வேகத்தில் போனதாகப் போலீசிடமிருந்து 1,000 ரூபாய்க்கு இ-சலான் வந்திருக்கிறது. ரோடு கம்பெனியுடையது, கேமராவும் அவர்களுடையது, நானும் காசு கொடுத்துத்தான் போகிறேன். தனியார் ரோட்டில் போலீஸ் எப்படி அபராதம் போடலாம்? இந்தச் சலானை எதிர்த்து வழக்குப் போட முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கேட்க வேண்டிய இடத்தில் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, கட்ட வேண்டிய இடத்தில் வழக்குப் போடலாமா என்கிறீர்கள். போலீஸ் அனுப்பிய சலானுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஜாக்கெட்காரர் வாங்கிய ஆயிரத்துக்குத்தான் இல்லை.

முதலில் ரோடு யாருடையது என்பதைப் பார்த்துவிடுவோம். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-இன் 4-ஆவது பிரிவுப்படி தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசின் உடைமை. கம்பெனி போட்ட ஒப்பந்தம் அதை மாற்றுவதில்லை. இத்தனை ஆண்டுக்குச் சாலையை அமைத்து, பராமரித்து, கட்டணம் வசூலித்துக்கொள். காலம் முடிந்ததும் திருப்பிக் கொடு. அவ்வளவுதான் ஏற்பாடு. வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்க ஏலம் எடுத்தவர் சந்தைத் திடலுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை அல்லவா?

சரி, ரோடே தனியாருடையது என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் வாதம் நிற்காது. மோட்டார் வாகனச் சட்டம், 1988 ஓர் இடம் யாருக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை. பொதுமக்கள் அங்கே போக உரிமை உண்டா என்றுதான் கேட்கிறது. 2(34) பிரிவு 'பொது இடம்' என்பதற்குத் தரும் விளக்கம் அதுதான். கட்டணம் கட்டும் எவரும் போகலாம் என்றால் அது பொது இடமே. 1988-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, தனியாருக்குச் சொந்தமான இடமாகவே இருந்தாலும் பொதுமக்கள் தடையின்றியோ கட்டுப்பாட்டுடனோ வந்துபோக முடிந்தால் அது பொது இடம்தான் என்று சொல்லிவிட்டது.

எங்கே இது பொருந்தாது என்பதற்கும் அண்மையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. விசாகப்பட்டினம் உருக்காலையின் சுற்றுச்சுவருக்குள், அனுமதிச் சீட்டு உள்ளவர் மட்டுமே நுழையக்கூடிய முற்றத்தில் மட்டும் ஓடிய லாரிகளுக்கு ஆந்திர அரசு வாகன வரி கேட்டது. அந்த முற்றம் பொது இடம் அல்ல, அதனால் வரி கிடையாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. உங்கள் டோல்கேட்டில் அப்படி ஆள் பார்த்தா விடுகிறார்கள்? ஃபாஸ்டேக்கில் காசு இருந்தால் தடுப்புக் கட்டை தானாக மேலே போகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். நான் சொன்ன பம்பாய்த் தீர்ப்பு அபராதம் பற்றியது அல்ல, காப்பீடு பற்றியது. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்கிற 146-ஆவது பிரிவும் 'பொது இடத்தில்' ஓடும் வண்டியைப் பற்றித்தான் பேசுகிறது. டோல் ரோடு பொது இடம் இல்லை என்று நீங்கள் ஒரு கோர்ட்டில் ஜெயித்தால், அங்கே நடக்கும் விபத்துக்கு இழப்பீடு கேட்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனி அதே தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரும். ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தப் போய் அப்படி ஒரு கதவைத் திறந்துவிட வேண்டாம்.

இப்போது ரோந்து வண்டிக்கு வருவோம். கம்பெனிக்கு அதிகாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பின்னால் சேர்த்த 8ஏ(3) பிரிவு, ஒப்பந்தம் எடுத்தவருக்குப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தவும் கட்டுப்படுத்தவும் அதிகாரம் தருகிறது. ஆனால் எப்படி? மோட்டார் வாகனச் சட்டத்தின் 8-ஆம் அத்தியாயத்தின்படி. அந்த அத்தியாயத்தில் வேக வரம்பு, சாலைக் குறியீடுகள், இடைஞ்சலாக வண்டியை நிறுத்துவது போன்றவை வருகின்றன. குற்றமும் தண்டனையும் இருப்பதோ 13-ஆம் அத்தியாயத்தில். 8ஏ(3) அதைத் தொடவே இல்லை. எனவே கூம்பு வைத்து ஒரு பாதையை அடைக்கலாம், பழுதான லாரியை கிரேன் வைத்து ஓரம் கட்டலாம், ராங் சைடில் வருகிறவரை நிறுத்தித் திருப்பி அனுப்பலாம், படம் எடுத்துப் போலீசுக்குக் கொடுக்கலாம். அபராதம் போட முடியாது. குற்றத்துக்கு அந்த இடத்திலேயே பணம் வாங்கி முடித்துவைக்கும் அதிகாரம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆவது பிரிவின்படி மாநில அரசு அறிவித்த அதிகாரிகளுக்கு மட்டுமே. லைசென்ஸைக் காட்டச் சொல்லும் உரிமையைக்கூட 130-ஆவது பிரிவு, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிக்குத்தான் கொடுத்திருக்கிறது. ஒளிரும் ஜாக்கெட் சீருடை ஆகாது.

சாவியைப் பிடுங்கியது தனிக் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சட்டவிரோதமாக வழிமறிப்பதற்கு 126-ஆவது பிரிவும், மிரட்டிப் பணம் பறிப்பதற்கு 308-ஆவது பிரிவும் உண்டு. உங்கள் கையில் ரசீது இருப்பது பெரிய பலம். இப்படி வாங்குகிறவர்கள் எழுத்தில் கொடுப்பது அபூர்வம். அதை வைத்து தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு புகார் அனுப்புங்கள். நாள், நேரம், கிலோமீட்டர் கல், ரோந்து வண்டியின் எண், ரசீது எண் எல்லாம் இருக்கட்டும். எந்தச் சட்டப் பிரிவின்கீழ் இந்தத் தொகை வாங்கப்பட்டது என்று ஒரு வரி கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கம்பெனியிடம் பதில் இருக்காது. பணம் திரும்பி வராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

ஆனால் ராங் சைடில் ஓட்டியதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். புகாரில் அதைப் பற்றி வாயைக் கொடுக்காதீர்கள். எதிர்த்திசையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவின்படி ஆபத்தாக ஓட்டும் குற்றம்: முதல் முறைக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பெனிக்குக் கொடுத்த ஆயிரம் இந்தக் குற்றத்தை முடித்துவைக்கவில்லை. படத்தைப் பார்த்துப் போலீஸ் வழக்குப் போட்டால், ஏற்கெனவே கட்டிவிட்டேன் என்று அந்த ரசீதைக் காட்ட முடியாது.

இ-சலானைப் பொறுத்தவரை, கேமரா யாருடையது என்பது பிரச்சினை இல்லை. டோல் ரோடுகளில் கேமராவும் கட்டுப்பாட்டு அறையும் வைப்பது ஒப்பந்த வேலையிலேயே அடங்கும். சலான் போடுவது போலீஸ். அதற்கென்று 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சேர்க்கப்பட்டது. உங்கள் எதிர்வாதம் ஏதாவது இருந்தால் அங்கேதான் கிடைக்கும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். கண்காணிக்கும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வேண்டும். நம்பர் பிளேட் தெரியும் படமும், கருவி காட்டிய வேகமும், நாள், நேரம், இடமும் வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சலான் எண்ணைப் போட்டுப் படத்தைப் பாருங்கள். இதில் ஏதாவது ஓட்டை இருந்தால் எதிர்க்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் கட்டிவிடுங்கள். காருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவில் 1,000 முதல் 2,000 வரை உண்டு. உங்களுக்குக் குறைந்தபட்சம்தான் போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் கம்பெனி கேட்கும் பணம் எதையுமே கொடுக்க வேண்டாமா? அப்படி இல்லை. ஃபாஸ்டேக் இல்லாமல் போய் யூ.பி.ஐ.யில் கட்டினால் 2025 நவம்பர் 15 முதல் ஒன்றேகால் மடங்கு என்று வாங்குகிறார்களே, அது அபராதம் அல்ல. 2008-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி வாங்கும் கட்டணம். அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு தொகையில் பலர் ஏமாறுகிறார்கள். வண்டி இடித்துத் தடுப்பு வேலி நெளிந்துவிட்டால், இத்தனை மீட்டருக்கு இத்தனை ஆயிரம் என்று கணக்குப் போட்டு அங்கேயே கேட்பார்கள், கிரேனிலிருந்து வண்டியை இறக்க மாட்டேன் என்பார்கள். சேதத்துக்கு ஈடு கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, வண்டியைப் பிணையாகப் பிடித்து வைக்க இல்லை. அது மூன்றாம் நபர் சொத்துச் சேதம். காருக்குப் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை உங்கள் பாலிசியிலேயே இருக்கும். ரொக்கம் கொடுக்காமல் உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுகிறவரை மட்டும் பிடிப்பதும் இல்லை. 2019-இல் வந்த 198ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் விதித்த தரத்தைக் காக்காததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், ஒப்பந்த நிறுவனத்துக்கே ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். என்னைக் கேட்டால் தொகை சொற்பம், வழக்குகளும் பெரிதாக வருவதில்லை. ஆனால் நீதிமன்றங்கள் சும்மா இல்லை. கேரளத்தின் பாலியேக்கரா டோல்கேட்டில், ரோடு போகிற நிலையில் இல்லை என்று உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் வசூலையே நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

உங்கள் விஷயத்தில் இரண்டையும் தனித்தனியாக நடத்துங்கள். கம்பெனி மீதான புகாரில் இ-சலானைச் சேர்க்க வேண்டாம், சலானுக்கான பதிலில் ரோந்து வண்டிக் கதையைச் சொல்ல வேண்டாம். புகாருடன் ரசீதின் நகலை மட்டும் அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.