ஒசாகா கோட்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஏப்ரலில் அம்மாவோடு ஒசாகா போகிறேன். கோட்டை வெறும் கான்கிரீட், உள்ளே லிப்ட்கூட இருக்கிறது, நேரம்தான் வீண் என்கிறார்கள் போய்வந்தவர்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஒன்றுபடுத்திய டொயோட்டோமி ஹிதெயோஷி கட்டிய இடமாயிற்றே என்று எனக்கு விட மனமில்லை. போகலாமா? அம்மாவுக்கு மூட்டுவலி வேறு.

கோவையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தோழி,

அவசியம் போங்கள். நடுக்கோபுரம் கான்கிரீட்தான், 1931இல் நகர மக்கள் திரட்டிய நன்கொடையில் எழுந்தது. ஹிதெயோஷியின் கோபுரம் 1615 போரில் எரிந்தபோது அதற்குச் சுமார் 30 வயது. அடுத்து, அந்தப் போரில் வென்று நாட்டை ஆண்ட டொகுகாவா குடும்பத்தார் 1626இல் கட்டியது 1665இல் மின்னல் தாக்கி எரிந்தது. இரண்டின் வயதையும் கூட்டினாலும் இந்தக் கான்கிரீட் கோபுரத்தின் வயதுக்கு வராது. 1945 குண்டுவீச்சையும் தாங்கி நின்ற கட்டடம் அது. அதைப் போலி என்று தள்ளுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஏமாற்றம் வருவது வேறு காரணத்தால். பெரும்பாலோர் நேரே கோபுரத்துக்குப் போய், மேலே ஏறி, படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே பழமை இருப்பது கல்லில்.

தனிமாச்சி யோன்சோமே ரயில் நிலையத்தில் இறங்கி ஓதெமோன் வாசல் வழியாக நுழையுங்கள். அந்த வாசலின் தாங்குதூண் ஒன்றில் அடிப்பகுதி மட்டும் புதுமரம். ஒட்டுப்போட்ட இடத்தைக் குனிந்து பாருங்கள்: இரு பக்கம் புறாவின் வால்போல விரிந்த வெட்டு, மற்ற இரு பக்கம் மலைமுகடு போன்ற வெட்டு. மேலிருந்தும் செருக முடியாது, பக்கவாட்டிலும் முடியாது. 1983இல் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான், சாய்வாகச் சறுக்கிச் செருகியிருக்கிறார்கள் என்று புரிந்தது. அருகிலுள்ள செங்கன் காவல்மாடம் 1620இன் அசல் மரக்கட்டடம்.

அடுத்து சகுராமோன் வாசல். உள்ளே நுழைந்ததும் எதிரே நிற்பது ‘ஆக்டோபஸ் கல்’. முகப்பு ஏறத்தாழ 60 சதுர மீட்டர், எடை 108 டன் என்று மதிப்பீடு. அவ்வளவு பெரிய கல்லின் பருமன் 1 மீட்டருக்கும் குறைவு, பலகைபோல நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்தச் சுவர்கள் எதுவும் ஹிதெயோஷியுடையவை அல்ல. அவர் 1583இல் தொடங்கிய கோட்டையை டொகுகாவாக்கள் மண்கொட்டி மூடி, அதன்மேல் தங்கள் கோட்டையைக் கட்டினார்கள். புதைந்த சுவர் 1959 ஆய்வில் தட்டுப்பட்டது; 2025 முதல் கீழே இறங்கிப் பார்க்கலாம். செதுக்காத கற்களை அடுக்கி, இடுக்குகளில் சிறுகல் திணித்த சுவர். சற்றுமுன் பார்த்த, இழைத்து வெட்டிய கருங்கல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹிதெயோஷியின் கைபட்டதை அங்கே தொட்டுவிடும் தூரத்தில் காணலாம். அதைத் தவறவிடவே கூடாது.

கடைசியாகக் கோபுரம். பெரியவர்களுக்கு 1200 யென்; புதைசுவரும் இதில் அடக்கம். லிப்ட் 5ஆம் தளம் வரை, மேலே 3 தளம் படி. ஏற முடியாதவர்களை 8ஆம் தளம் வரை லிப்டிலேயே விடுவார்கள். அம்மாவின் மூட்டுவலியை ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்து வருவது எளிது. 3, 4ஆம் தளங்களில் படம் எடுக்க அனுமதியில்லை. ஏப்ரலில் செர்ரிப்பூ பார்க்க வரும் கூட்டம் அலைமோதும். டிக்கெட்டை இணையத்தில் வாங்கிக்கொண்டு, காலை 9 மணிக்குத் திறக்கும்போதே போனால்தான் வரிசையில் நிற்காமல் தப்பலாம். அப்படிப் போவதானால் கோபுரத்தை முதலில் முடித்துவிட்டு, இறங்கும் வழியில் கற்களைப் பாருங்கள்.

வெளியே வந்ததும் அண்ணாந்து பாருங்கள். கீழ் அடுக்குகள் டொகுகாவா பாணியில் வெள்ளைச் சுதை, உச்சி அடுக்கு மட்டும் ஹிதெயோஷி பாணியில் கறுப்பு, அதில் பொன்னிறப் புலிகள்.

மரக்கோபுரத்துக்குள் ஏறும் ஆசையும் இருந்தால், அதே பயணத்தில் பழைய மரக்கோபுரம் நிற்கும் ஹிமெஜி கோட்டைக்கு ஒருநாள் ஒதுக்குங்கள். ரயிலில் ஒரு மணி நேரம். அங்கே படிகள் செங்குத்து, லிப்ட் கிடையாது. அம்மா கீழே தோட்டத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.