அப்பாவின் சேடக் ஸ்கூட்டரை வீட்டிலேயே மீட்க முடியுமா?

கேள்வி: என் அப்பா 1979இல் வாங்கிய பஜாஜ் சேடக், அவர் மறைவுக்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகளாக மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. கால் வைக்கும் தகடு துருப்பிடித்து ஓரிடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. கிக்கர் இறங்கவில்லை. ஆர்.சி. புத்தகம் பத்திரமாக இருக்கிறது. “பதினைந்து வருடம் தாண்டிய வண்டி, பேப்பர் செத்துவிட்டது. என்னிடம் விடுங்கள், ஒரு மாதத்தில் பேப்பரோடு புது வண்டியாகத் தருகிறேன்” என்று ஒருவர் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே செய்ய ஆசைப்படுகிறேன். முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: முடியும். ஆனால் வேறு எதையும் சொல்வதற்கு முன் ஒன்று: அந்த நபரிடம் வண்டியையும் கொடுக்காதீர்கள், ஆர்.சி.யையும் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30 என்று இரண்டு வெற்றுத் தாள்களை நீட்டிக் கையெழுத்து கேட்டால் போடவே போடாதீர்கள். அவை உரிமை மாற்றப் படிவங்கள்.

“பேப்பர் செத்துவிட்டது” என்பது பயமுறுத்தி வாங்குவதற்கான பேச்சு. சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பிறகு வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2023 ஏப்ரலில் 15 ஆண்டு முடிந்த வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று வந்த விதி அரசு வண்டிகளுக்கானது. தனிநபரின் ஸ்கூட்டரைப் பதினைந்து வருடத்தில் நசுக்கச் சொல்லும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. இதைத் தெரிந்துகொண்டேதான் இடைத்தரகர்கள் இப்படிப் பேசுகிறார்கள். அசல் ஸ்பீடோமீட்டர், அசல் கார்புரேட்டர், பெயர்ப்பட்டை, பழைய எண் கொண்ட ஆர்.சி. இவற்றுக்கு வெளியே நல்ல விலை இருக்கிறது. ஒரு மாதம் கழித்து உங்களுக்குப் பளபளப்பான ஒரு வண்டி திரும்பி வரலாம். அதில் உங்கள் அப்பா தொட்ட பொருள் எத்தனை இருக்கும் என்பதுதான் கேள்வி.

முதல் ஞாயிற்றுக்கிழமை வேலை ஸ்பேனரால் அல்ல, பென்சிலால். பக்க மூடிகளைக் கழற்றி, தகட்டில் பொறித்த சேசிஸ் எண்ணைத் தேடுங்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பும். என்ஜின் எண்ணுக்கும் அப்படியே. ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நாளைக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்கும்போது இந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார். மணல் பீய்ச்சித் துரு எடுக்கும் இடத்திலும், கிரைண்டர் பிடிக்கும் டிங்கரிங் பட்டறையிலும் இந்த எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டு, “பட்டிக்கு (பெயின்டுக்கு முன் பள்ளம் நிரவப் பூசும் பசை) அடியில்தான் இருக்கிறது” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எண் போன வண்டிக்குப் பிறகு யார் என்ன செய்ய முடியும்? வேலை முடியும்வரை அந்த இடத்தைத் தடித்த டேப் ஒட்டி மூடி வையுங்கள்.

அடுத்தது துரு. எல்லோரும் கண்ணுக்குத் தெரியும் துருவைப் பார்த்துக் கலங்குகிறார்கள். சேடக்குக்குத் தனியாக ஃபிரேம் கிடையாது. அழுத்திச் செய்த இரும்புத் தகட்டுக் கூடுதான் அதன் எலும்பு. அதனால் கால்தகட்டின் மேல்பக்கம் எப்படி இருக்கிறது என்பதைவிட, அடியில் குறுக்கே ஓடும் பெட்டி வடிவப் பட்டைகளும் ஸ்டாண்டு மாட்டும் இடமும் எப்படி இருக்கின்றன என்பதே முக்கியம். ரப்பர் பட்டைகளைப் பிடித்திருக்கும் திருகுகள் வழியே இறங்கும் நீர் அங்கேதான் தேங்கும். வண்டியைச் சாய்த்துப் படுக்கவைத்து, பழைய ஸ்குரூடிரைவரால் அடிப்பக்கம் முழுவதும் குத்திப் பாருங்கள். நல்ல தகடு டங்கென்று சத்தம் தரும். கெட்ட தகடு மொத்தென்று உள்வாங்கி, செதிள் செதிளாக உதிரும். ஓட்டை ஒன்று தெரிகிறது என்றால், ஸ்குரூடிரைவர் இறங்கும் இடம் பெரும்பாலும் உள்ளங்கை அளவாவது இருக்கும்.

அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது மட்டும் உங்கள் வேலையல்ல. மெல்லிய தகட்டில் பழகிய கை வேண்டும். வெட்டுவதற்கு முன் கூடு வளையாதபடி முட்டுக்கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கழற்றிய வெறும் கூட்டை எடுத்துப்போய், நீங்கள் பக்கத்தில் நின்று, அதை மட்டும் செய்துகொண்டு திரும்புங்கள். பெட்ரோல் டேங்க் வீட்டில் இருக்கட்டும்.

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிக் கோபத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஓட்டையை வெட்டி ஒட்டுவதற்குப் பதிலாகப் பட்டியால் அடைப்பது. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் ஒரு ஸ்கூட்டரை என்னிடம் கொண்டுவந்தது. வாங்கி நான்கு மாதம். கால்தகட்டில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினேன். பெயின்ட் உரிந்தது, அதற்கடியில் விரல் தடிமனுக்குப் பட்டி, அதற்கடியில் கோழிவலை, அதற்கடியில் ஈரமாகச் சுருட்டித் திணித்த செய்தித்தாள். அதில் திருமண மண்டப விளம்பரம்கூடப் படிக்கும்படி இருந்தது. தகடு என்று எதுவுமே அங்கே இல்லை. அதன்மேல்தான் ஒரு பையன் காலை ஊன்றி ஓட்டிக்கொண்டிருந்தான். பட்டி என்பது சிறு பள்ளத்தை நிரவுவதற்கு மட்டும். அது ஈரத்தை உறிஞ்சும். பட்டி போட்ட இடத்தைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்துவிட்டு உடனே பெயின்ட் அடித்தால், அந்தத் தண்ணீர் உள்ளேயே நின்று கொப்புளமாகும். வேறு எங்காவது பழைய வண்டி பார்க்கப் போனாலும் துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காத இடத்தில் இரும்பு இல்லை, அல்லது ஆழத்தில் இருக்கிறது.

அதேபோல் ‘ஆசிட் வாஷ்’ என்று முழுக் கூட்டையும் அமிலத்தில் முக்கச் சொல்வார்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்த இடுக்குகளிலும் பெட்டிப் பட்டைகளுக்குள்ளும் புகுந்த அமிலம் வெளியே வராது. பெயின்ட் அடித்த பிறகும் உள்ளிருந்து தின்னும். கூட்டுக்குக் கம்பி பிரஷ், உப்புத்தாள், பிடிவாதமான இடத்தில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி, இவை போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். நட்டு, போல்ட், பெடல் போன்ற சிறு பாகங்களை வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, சலவைச் சோடா கரைத்த நீரில் கழுவி, அன்றே எண்ணெய் பூசிவிடுங்கள். பெட்ரோல் டேங்குக்கும் அதே வினிகர்தான். உள்ளே ஒரு பிடி சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்க வேண்டும்.

சுத்தம் செய்த தகட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை அப்படியே விட்டுவைக்காதீர்கள். மழைக்காலமென்றால் மாலைக்குள் மஞ்சள் பூத்துவிடும். ஒரு நாளில் எவ்வளவு பகுதிக்குப் பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவை மட்டும் தேய்த்தெடுங்கள். ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டும் அடித்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்தினால் ஈரம் ஊடுருவும். எபாக்சி பிரைமர் அதைவிட நன்றாக அடைக்கும். கடைசிப் பூச்சை மட்டும் பெயின்ட் பட்டறையில் கொடுங்கள். கடினமாக்கி கலக்கும் இரு பொருள் பெயின்டின் ஆவி நுரையீரலைக் கெடுப்பது, அதைத் துணி முகமூடி தடுக்காது. நிறம் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கட்டும். மாற்றினால் அதையும் பதிய வேண்டும்.

கிக்கர் இறங்கவில்லை என்றால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்திருக்கலாம். உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே டீசலும் என்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்து ஊற்றி, மூன்று நான்கு நாள் விட்டுவிடுங்கள். பிறகு மேக்னட் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். அசைந்து, ஸ்டார்ட் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள் என்ற ரப்பர் வளையங்கள் பதினெட்டு வருடத்தில் கல்லாகியிருக்கும். கிளட்ச் பக்கச் சீல் போயிருந்தால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகையாகத் தள்ளும். மேக்னட் பக்கச் சீல் போயிருந்தால் காற்றை இழுக்கும், கலவை மெலிந்து சூடேறி, ஓடும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் மாற்றாமல் சாலைக்கு எடுக்கவே கூடாது. பெட்ரோலில் லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்கான ஆயில்) கலக்க மறக்க வேண்டாம். டயர் கழற்றும்போது முதலில் முழுக் காற்றையும் இறக்குங்கள். இந்தச் சக்கரம் இரண்டு பாதிகளை நட்டால் இணைத்தது. காற்றோடு அந்த நட்டைத் தளர்த்தினால் துருப்பிடித்த பாதி முகத்தில் பாயும்.

இனி காகிதம். உங்களிடம் “வின்டேஜ் பதிவு வாங்கித் தருகிறேன்” என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள், அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, அசல் வடிவில் உள்ள வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. 1979இல் பதிவான உங்கள் வண்டிக்கு 2029 வரை அந்தப் பேச்சே இல்லை. 2029 வந்தாலும் அவசரப்படாதீர்கள். சேசிஸிலோ கூட்டிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டியை வின்டேஜாக ஏற்க மாட்டார்கள். ஏற்றால் பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கு மட்டும் சாலைக்கு வரலாம். சந்தைக்கும் கோயிலுக்கும் அப்பாவின் வண்டியில் போக ஆசைப்படுகிறவருக்கு அது எதற்கு? சாதாரணப் புதுப்பிப்பே உங்களுக்குப் பொருத்தம்.

அதற்கு முதலில் வண்டி உங்கள் பெயருக்கு வர வேண்டும். உரிமையாளர் இறந்தால் வாரிசு கொடுப்பது படிவம் 31. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டியது, தாமதத்துக்குக் கட்டணம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். பதிவுப் புதுப்பிப்புக்குப் படிவம் 25. வண்டியை நேரில் காட்ட வேண்டும், காப்பீடும் வேண்டும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், கையால் எழுதிய பழைய ஆர்.சி.யின் விவரம் கணினியில் ஏறியிருக்காது. “உங்கள் எண் வரவில்லை” என்று ஜன்னலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பதிவேடு இருப்பது அவர்கள் அலமாரியில். அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது அவர்கள் கடமை. அதற்காக ஒரு மனிதர் நான்கு நாள் கூலியை விட்டு ஏன் அலைய வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த ஜன்னல் மூடுவதால்தான் வாசலில் இடைத்தரகர் நிற்கிறார். பேச்சோடு திரும்பாதீர்கள். பழைய ஆர்.சி. விவரத்தைக் கணினியில் ஏற்றக் கோரி ஒரு மனு எழுதி, ஆர்.சி. நகலையும் பென்சில் பதிவையும் இணைத்துக் கொடுத்து, மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் அதையே ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள்.

இந்த மனுவை வண்டியைக் கழற்றுவதற்கு முன்பே, இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அவர்கள் பதிவேட்டைத் தேடி எடுப்பதற்குள் உங்கள் பிஸ்டன் ஊறி இளகிவிடும்.