திகில் படங்கள் தேய்ந்துவிட்டனவா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இப்போது வரும் பேய்ப்படங்கள் எதுவுமே பயமுறுத்துவதில்லை. பழைய படங்களின் தரம் இனி வரவே வராதா?

பதில்: வந்துகொண்டுதான் இருக்கிறது. நாம் ஒப்பிடும் முறையில்தான் ஒரு கோணல். பழைய படங்கள் என்றதும் 1960இல் வந்த ‘சைக்கோ’, 1973இல் வந்த ‘எக்ஸார்சிஸ்ட்’, 1979இல் வந்த ‘ஏலியன்’ ஆகியவை நினைவுக்கு வருகின்றன. அவற்றோடு திரைக்கு வந்த மட்டமான படங்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1978இல் ‘ஹாலோவீன்’ வெற்றி பெற்றதும், கொலைகாரன் இளைஞர்களைத் துரத்தும் கதைகள் வரிசைகட்டி வந்தன. ‘ஃபிரைடே த தேர்ட்டீன்த்’ தொடரில் மட்டும் 1980 முதல் 1989 வரை 8 படங்கள்! அவற்றில் எத்தனையை இன்று யாராவது தேடிப் பார்க்கிறார்கள்? இந்த ஆண்டுப் படங்களை மட்டும் நல்லதும் கெட்டதுமாக மொத்தமாகப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொள்கிறோம்.

ஆனாலும் உங்கள் குறையில் உண்மை உண்டு. பார்வையாளரைக் காத்திருக்க வைக்கும் துணிவு பெரிய நிறுவனங்களின் படங்களில் குறைந்துவிட்டது. எனக்கும் அதில் வருத்தம்தான்.

கேள்வி: காத்திருக்க வைப்பதற்கும் பயத்துக்கும் என்ன தொடர்பு? மெதுவாக நகரும் படம் சலிப்பைத்தானே தரும்?

பதில்: ஒரே கதையை இரண்டு காலங்களில் எடுத்த படங்களை அடுத்தடுத்துப் பாருங்கள், புரிந்துவிடும். ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய நாவலை ராபர்ட் வைஸ் 1963இல் ‘த ஹாண்டிங்’ என்ற கருப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். அதில் ஆவி ஒருமுறைகூடத் தென்படாது. இரவில் அறைக்குள் இரண்டு பெண்கள். வெளியே நடைவழியில் ஏதோ ஒன்று சுவர்களை அறைந்துகொண்டே நெருங்குகிறது. கேமரா கதவையும் அவர்கள் முகங்களையும் விட்டு நகர்வதில்லை. இன்னொரு காட்சியில் கெட்டியான மரக்கதவு உள்நோக்கிப் புடைக்கிறது. அதற்கு மேல் எதுவும் காட்டப்படுவதில்லை. கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை நம் மனம் நிரப்பிக்கொள்கிறது. நம்மை அதிகம் அச்சுறுத்துவது எது என்பது நம் மனத்துக்குத்தானே தெரியும்!

அதே கதை 1999இல் பெரும் செலவில் மீண்டும் வந்தது. சிலைகள் உயிர்பெறுகின்றன, ஆவி முழு உருவத்தோடு எழுகிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட்ட பிறகு அஞ்ச என்ன மிச்சம்?

சலிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். எதையும் எதிர்பார்க்க வைக்காத மெதுவான படம் சலிக்கத்தான் செய்யும். ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் பேயோட்ட வரும் மூத்த பாதிரியார் அந்த வீட்டுக்குள் நுழைவதே கடைசிப் பகுதியில்தான். அதுவரை ஒரு தாய் தன் மகளை மருத்துவரிடம் அழைத்துப்போகிறாள், பரிசோதனைக்கு மேல் பரிசோதனை நடக்கிறது, விடை கிடைக்கவில்லை. படத்திலேயே எனக்குத் தாங்க முடியாத காட்சி அந்த மருத்துவமனைப் பரிசோதனைதான். அங்கே பேயே இல்லை.

கேள்வி: திடீரென்று பெரும் சத்தம் எழுப்பித் தூக்கிவாரிப்போட வைப்பது இந்தக் காலத்து மலிவான உத்திதானே?

பதில்: அது 1942இலேயே இருக்கிறது. வால் லூட்டன் தயாரித்து ஜாக் டர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள். பின்னால் காலடி ஓசை. பிறகு அந்த ஓசையும் நின்றுவிடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள், விரைகிறாள். சட்டென்று ஒரு சீறல். வந்து நிற்பது பஸ்! உத்தி ஒன்றுதான், ஆனால் அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் அமைதியாக அச்சத்தைச் சேர்த்தார்கள் என்று கவனியுங்கள். இன்று பல படங்கள் அந்த உழைப்பை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. உடல் துள்ளும், மனம் அசையாது.

கேள்வி: எல்லாவற்றையும் கெடுத்தது கிராபிக்ஸ்தான் என்கிறேன். சரியா?

பதில்: பாதி சரி. 1982இல் ஜான் கார்பென்டர் எடுத்த ‘த திங்’ படத்துக்கு ராப் பாட்டின் உருவாக்கிய உருவங்கள் ரப்பரும் பசையும் இயந்திரமும் சேர்ந்தவை. நடிகருக்கு முன்னால் உண்மையிலேயே இருந்ததால் அவற்றின் மீது வெளிச்சம் சரியாக விழுந்தது. 2011இல் வந்த முன்கதைக்கும் அப்படிச் செய்தார்கள். பிறகு பெரும்பகுதியைக் கணினி உருவங்களால் மூடிவிட்டார்கள். எவ்வளவு பெரிய இழப்பு!

ஆனால் கருவியை மட்டும் குறைசொல்ல மாட்டேன். 1998இல் வந்த ஜப்பானியப் படம் ‘ரிங்கு’வில் பேயின் அந்தக் கோணலான நடை எப்படி வந்தது தெரியுமா? நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்து, படச்சுருளைத் திருப்பி ஓட்டினார்கள். முதலில் வேண்டியது யோசனை.

கேள்வி: அண்ணா, எனக்கு 19 வயது. பெரியவர்கள் புகழும் பழைய படங்கள் என்னைப் பயமுறுத்தவில்லை. குறை என்னிடமா?

பதில்: இல்லை தம்பி. அவர்கள் அந்தப் படங்களைச் சிறுவயதில், முன்னுதாரணம் எதுவும் தெரியாமல் பார்த்தவர்கள். நீங்களோ அவற்றின் நகல்களை நூறுமுறை பார்த்த பிறகு மூலத்துக்கு வருகிறீர்கள். ‘த திங்’ படத்தையே வெளியானபோது விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். அது பெரிய படம் என்று ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: புதியவற்றில் பழையவற்றுக்கு நிகராக எதைச் சொல்வீர்கள்?

பதில்: 2018இன் ‘ஹெரெடிட்டரி’. மகன் இருட்டறையில் கண்விழிக்கிறான். சத்தமில்லை, இசை நம்மை எச்சரிப்பதுமில்லை. சுவரின் மேல்மூலையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதை நம் கண்ணே மெல்லக் கண்டுபிடிக்க வேண்டும். 1963இல் வைஸ் நம் மீது வைத்த நம்பிக்கையை இங்கேயும் காண்கிறேன். 2014இன் ‘இட் ஃபாலோஸ்’ படத்தில் அகன்ற காட்சியின் பின்புலத்தில் யாரோ நடந்துவருகிறார்கள். அது வெறும் வழிப்போக்கரா, இல்லையா என்று படம் முழுக்கத் தேடிக்கொண்டே இருப்போம். 2017இன் ‘கெட் அவுட்’ நிறவெறியையே திகிலாக்கியது, சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரையும் வென்றது. இத்தகைய துணிவில் புதிய படங்கள் முந்திவிட்டன என்றே நினைக்கிறேன்.

கேள்வி: கைபேசியில் பார்த்தால் பயம் குறையுமா?

பதில்: நிச்சயம் குறையும். விளக்கை அணைத்துவிட்டு, நல்ல ஒலியோடு, இடையில் நிறுத்தாமல் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் பழைய கதைகளை மறுஆக்கம் செய்வதைத் தடுத்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நான் இவ்வளவு புகழ்ந்த ‘த திங்’ படத்தின் மூலக்கதை 1951இலேயே ஒருமுறை படமாகியிருக்கிறது. டேவிட் குரோனன்பெர்க் 1986இல் எடுத்த ‘த ஃப்ளை’ 1958 படத்தின் மறுஆக்கம். ஒப்பனைக்கு ஆஸ்கரும் பெற்றது. பழைய படத்தில் ஒரே விபத்தில் உருமாறும் மனிதனை, குரோனன்பெர்க் நாளுக்கு நாள் சிதையவிட்டார். காதலி அருகிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கதைக்கு அப்படி ஒரு புதிய வலியைக் கொண்டுவருபவர் யாராக இருந்தாலும் எடுக்கட்டும், நான் பார்க்கக் காத்திருக்கிறேன்.