ரெக்கவரி போட்ட பழைய லேப்டாப்: எதை நீக்கணும், எதைத் தொடக்கூடாது?

பழைய மெஷினுக்கு ஃபேக்டரி ரெக்கவரி போட்டால் அது வாங்கிய நாளுக்குத் திரும்பிவிடும். வைரஸ் போகும், வேகம் வரும். கூடவே அன்றைக்கு இருந்த பாதுகாப்பு ஓட்டைகள் அத்தனையும் திரும்பி வரும். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரு சாஃப்ட்வேர் எவ்வளவு பழசு என்பதை நான் பார்ப்பதில்லை. நெட்டைத் தொடுகிறதா, வெளியிலிருந்து வரும் ஃபைலைத் திறக்கிறதா, விண்டோஸின் அடிமட்டத்தில் ஓடுகிறதா, இந்த மூன்றைத்தான் பார்ப்பேன்.

அண்ணா, 2011 மாடல் லேப்டாப், விண்டோஸ் 7. ரெக்கவரி முடிஞ்சு கண்ட்ரோல் பேனலைத் திறந்தா பெரிய லிஸ்டே நிக்குது. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

முதலில் வைஃபையை அணைத்துவிடுங்கள், தம்பி. நெட் இல்லாமலே பாதி வேலையை முடித்துவிடலாம்.

பிரவுசரில் வீடியோ, கேம் ஓட்டிய ஃப்ளாஷ் பிளேயர் லிஸ்டில் இருந்தால் அதுதான் முதலில் போகணும். அடோபி அதற்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-ல் நிறுத்திவிட்டது. அடுத்து மைக்ரோசாஃப்டின் அதே வகை சாஃப்ட்வேரான சில்வர்லைட், அதன் ஆதரவு 2021 அக்டோபரில் முடிந்தது. ஆப்பிளின் வீடியோ பிளேயரான குவிக்டைம் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். 2016 ஏப்ரலில் அதன் விண்டோஸ் பதிப்பில் இரண்டு பெரிய ஓட்டைகள் வெளியே தெரிந்தன. ஆப்பிள் அவற்றை அடைக்கவில்லை. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்புப் பிரிவே அன்இன்ஸ்டால் செய்யச் சொல்லி எச்சரித்தது. ஜாவா 6, ஜாவா 7 தனித்தனி வரியாக நிற்கும், எல்லா வரியையும் நீக்குங்கள். டெண்டர், டிஜிட்டல் கையெழுத்து வேலைக்கு ஜாவா வேண்டுமென்றால் புதுப் பதிப்பைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். பழைய பிடிஎஃப் ரீடர், பிரவுசர் டூல்பார் எல்லாம் இதே வரிசைதான்.

காலாவதியான டிரையல் ஆன்டிவைரஸைக் கண்ட்ரோல் பேனலில் நீக்குவதோடு நிற்காதீர்கள். நெட்வொர்க் பகுதியில் அது தன் டிரைவரை (விண்டோஸுக்கும் பாகங்களுக்கும் நடுவே ஓடும் சின்ன சாஃப்ட்வேர்) விட்டுவிட்டுப் போய், பிறகு நெட்டே வராமல் படுத்தும். அந்தந்த கம்பெனி தரும் ரிமூவல் டூலையும் ஓட்டுங்கள்.

விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று 2005, 2008, 2010 எனப் பல வரிகள் இருக்கும். ஒன்றையே பல தடவை போட்டது போலத் தெரியும். கை வைக்காதீர்கள். ஒவ்வொரு ஆண்டின் பதிப்பையும் வேறு வேறு புரோகிராம்கள் கேட்கும். ஒன்றை எடுத்தால் எது திறக்காமல் போகிறது என்று பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

விண்டோஸ் அப்டேட் ஓடவே மாட்டேங்குது சார். 80072ஈஎஃப்ஈ-ன்னு எரர் வருது. நெட் நல்லாத்தான் இருக்கு.

உங்கள் நெட்டில் குறையில்லை. மைக்ரோசாஃப்ட் தன் அப்டேட்டுகள் அசல்தான் என்று காட்டப் போடும் டிஜிட்டல் கையெழுத்தை ஷா-1 முறையிலிருந்து ஷா-2 முறைக்கு மாற்றிவிட்டது. 2011-ன் விண்டோஸ் 7-க்கு ஷா-2 அப்டேட்டைச் சரிபார்க்கத் தெரியாது. கற்றுக்கொடுக்கும் அப்டேட்டையும் அதனால் தானாக இறக்கிக்கொள்ள முடியாது.

வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்துக்குப் போய் கேபி4490628, கேபி4474419 என்ற எண்ணுள்ள இரண்டு அப்டேட்டையும் பென் டிரைவில் எடுங்கள். உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து அதற்குரியதை எடுக்கணும். விண்டோஸ் 7-ன் பெரிய அப்டேட் தொகுப்பான சர்வீஸ் பேக் 1 ஏற்கெனவே இருக்கணும். இதே வரிசையில் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் தேடிக்கொண்டே இருந்தால் கேபி3138612-ஐயும் சேருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லா அப்டேட்டும் போட்டாலும் விண்டோஸ் 7 நிற்கும் இடம் 2020 ஜனவரி 14 தான், அன்றோடு பொது ஆதரவு முடிந்தது. குரோமில் 109-தான் அதற்குக் கடைசிப் பதிப்பு. இந்த மெஷினில் பேங்க் வேலை வேண்டாம். நெட்டுக்கே முக்கியமாக வேண்டுமென்றால் ஒரு எஸ்எஸ்டி போட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றுங்கள்.

அண்ணே, டிரைவர் அப்டேட் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டேன். என் சிப்செட் டிரைவர் 1968-ல வந்ததுன்னு சிவப்புல காட்டி, சரி பண்ணக் காசு கேக்குது. டிவைஸ் மேனேஜர்லயும் 18-07-1968-ன்னுதான் இருக்கு!

தேதி உண்மைதான், பயம்தான் பொய். 1968 ஜூலை 18 இன்டெல் கம்பெனி தொடங்கப்பட்ட நாள். மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்செட்டுக்கான ஐஎன்எஃப் ஃபைல்களுக்கு (டிரைவர் பற்றிய விவரம் சொல்லும் ஃபைல்) இன்டெல் வேண்டுமென்றே அந்தத் தேதியைப் போடுகிறது. ஒரே பொருத்தமுள்ள இரண்டு டிரைவர்கள் இருந்தால் விண்டோஸ் தேதி புதியதாக உள்ளதைத்தான் எடுக்கும். இன்டெல்லின் பொதுவான ஃபைல் வேறு நல்ல டிரைவரைத் தள்ளிவிடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்த ஐஎன்எஃப் ஃபைலில் பெரும்பாலும் பாகத்தின் பெயரைச் சொல்லும் வரிகள்தான் இருக்கும்.

விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிரைவர்கள் பலவற்றில் 2006 ஜூன் 21 என்று பார்ப்பீர்கள். அதுவும் இதே காரணத்துக்காகத்தான். எப்போதும் வெர்ஷன் நம்பரைப் பாருங்கள். காசு கேட்கும் அந்த சாஃப்ட்வேரை இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.

மூணு இடத்துல 'அன்நோன் டிவைஸ்'னு மஞ்சள் குறி இருக்கு. என்ன பாகம்னே தெரியலை.

குறி மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐடிஸ். 'வென்' என்பதற்குப் பின் வரும் நாலு எழுத்துதான் கம்பெனி. 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக், 10டிஈ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. அதை வைத்து லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் தேடலாம். சிப்செட்டை முதலில் போடுங்கள், பாதி மஞ்சள் குறி அதிலேயே போய்விடும்.

பழைய டிரைவர் ஆபத்துன்னு சொல்றாங்க. நல்லா வேலை செய்யுதே, அப்புறம் என்ன ஆபத்து?

ஆபத்து பெரும்பாலும் சவுண்டு, டச்பேட் டிரைவரில் இல்லை. கம்பெனி கூடவே கொடுக்கும் பயாஸ் அப்டேட், ஃபேன் கன்ட்ரோல், ஓவர்கிளாக் கருவிகள் விண்டோஸின் அடிமட்டமான கெர்னலில் ஓடும் டிரைவரை ஆளுக்கொன்றாக இறக்கும். கெர்னலில் ஓடும் எதற்கும் மெஷினின் முழு அதிகாரமும் உண்டு. டெல்லின் ஃபர்ம்வேர் (பாகத்துக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர்) அப்டேட் கருவிகளோடு 2009 முதல் வந்த டிபியூடில் 2_3 என்ற டிரைவரில் ஐந்து ஓட்டைகள் இருந்தது 2021 மே மாதம்தான் வெளியே வந்தது. கருவியை நீக்கினாலும் அந்த ஃபைல் டெம்ப் ஃபோல்டரில் தங்கிவிடும், அங்கே போய்ப் பார்த்து அழிக்கணும். ஜிகாபைட் கம்பெனியின் பழைய டிரைவர் ஒன்றை 2020-ல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் ராபின்ஹுட் ரேன்சம்வேர் கும்பல் தாங்களே கொண்டுவந்து ஏற்றி, ஆன்டிவைரஸைக் கொல்லப் பயன்படுத்தினார்கள். செல்லுபடியான கையெழுத்து இருந்ததால் விண்டோஸ் உள்ளே விட்டது.

2014 கடைசி, 2015 தொடக்கத்தில் வந்த லெனோவோ லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். சில மாடல்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர சாஃப்ட்வேரும் எந்தத் தளம் அசல் என்று மெஷினை நம்பவைக்கும் அதன் ரூட் சர்டிபிகேட்டும் இருந்தன. அதன் ரகசியச் சாவி வெளியாகிவிட்டதால், பேங்க் தளம் போல யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். அன்றைக்கே நீக்கியிருந்தாலும் ரெக்கவரி போட்டால் திரும்ப வந்துவிடும். ரூட் சர்டிபிகேட் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் அதையும் தனியாக அழியுங்கள்.

ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். எச்பி லேசர்ஜெட் 1020, டிரைவர் ரொம்பப் பழசு. எடுத்துடவா?

எடுக்காதீர்கள்! அந்தப் பிரின்டர் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தனக்கு வேண்டிய ஃபர்ம்வேரை கம்ப்யூட்டரில் உள்ள டிரைவரிடமிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. டிரைவர் போனால் பிரின்டர் சும்மா நிற்கும். செட்டப் ஃபைலை ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்துங்கள்.

நான் தமிழாசிரியை. சுத்தம் செய்யும்போது பழைய எழுத்துருக்களையும் தம்பி அழித்துவிட்டான். இருபது ஆண்டு வினாத்தாள்கள் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாகக் குழம்பிக் கிடக்கின்றன. போய்விட்டதா?

ஒன்றும் போகவில்லை அம்மா. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஃபைலுக்குள் இருப்பது இங்கிலீஷ் குறிகள்தான், தமிழ் வடிவத்தை வரைவது எழுத்துரு. பாமினியில் 'அம்மா' என்று அடித்திருந்தால் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகியிருக்கும். அதே எழுத்துருவைத் திரும்பப் போட்டால் வினாத்தாள் பழையபடி தெரியும்.

அதோடு நிறுத்தாமல் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. எந்த ஃபைல் எந்த எழுத்துருவில் அடித்தது என்று பார்த்துத்தான் மாற்றணும். பாமினி ஃபைலை வானவில் என்று சொல்லி மாற்றினால் வேறு குழப்பம் வரும். ஒரு நகலில் செய்து, மெய்யெழுத்தும் கொம்பும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று ஒரு பக்கம் வாசித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள். இனி இந்த எழுத்துருக்களை அழிக்கும் பட்டியலில் யாரும் சேர்க்காதீர்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ அலுவலகங்களின், அச்சகங்களின், பள்ளிகளின் எழுத்தெல்லாம் இவற்றை நம்பித்தான் இருக்கிறது.

ரிஜிஸ்ட்ரி கிளீனர் ஓட்டலாமா?

வேண்டாம். விண்டோஸின் செட்டிங்ஸ் இருக்கும் ரிஜிஸ்ட்ரியைத் துடைப்பதால் வேகம் கூடிவிடாது, அது எதையாவது உடைக்கும்.

வின்ரார் 3.9 இருக்கு. அது இருந்துட்டுப் போகட்டுமே?

இருக்கவே கூடாது. சுருக்கிய ஃபைல்களைத் திறக்கும் வின்ரார் தானாக அப்டேட் ஆகாது. ஏஸ் வகை ஃபைலைத் திறக்கும் பகுதியில் 19 ஆண்டாக இருந்த ஓட்டை 2019-ல்தான் தெரிந்து, 5.70-ல் அந்தப் பகுதியையே எடுத்தார்கள். 2025 ஜூலையில் 7.13-ல் இன்னொரு பெரிய ஓட்டையை அடைத்தார்கள். அதற்கு முந்தையது எதுவானாலும் நீக்குங்கள்.

எல்லாம் முடிச்சாச்சு அண்ணா. ரெக்கவரி பார்ட்டிஷன் 15 ஜிபி சாப்பிடுது, அழிச்சிடலாமா?

உடனே வேண்டாம். இப்போது சுத்தமாக இருக்கும் இந்த நிலையை முதலில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் சிஸ்டம் இமேஜாக (முழு விண்டோஸின் நகல்) எடுங்கள், கண்ட்ரோல் பேனலில் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் பகுதியில் அதற்கு வழி இருக்கிறது. ரிப்பேர் டிஸ்க்கும் ஒன்று போட்டு, அதிலிருந்து மெஷின் பூட் ஆகிறதா, இமேஜ் அதற்குத் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் பழைய பார்ட்டிஷனை அழித்துக்கொள்ளலாம்.