சண்டை எங்கே?

வணக்கம் சார்,

முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். நீங்கள் போகிறபோக்கில் புகழ்ந்திருந்ததை நம்பி ‘வாட்ச்மென்’ தொகுப்பை வாங்கினேன். முதல் இதழோடு மூடி வைத்துவிட்டேன். ஒரு ஆளை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அப்புறம் முகமூடி போட்ட ஒருத்தர் கேதம் சொல்ல வந்தவர் மாதிரி வீடு வீடாகப் போய்க்கொண்டே இருக்கிறார். சண்டையே இல்லை. கடைசியில் பக்கம் பக்கமாக வெறும் எழுத்து வேறு. மீதி 11 இதழையும் படிக்கத்தான் வேண்டுமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

கேலியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்த இதழுக்கு ‘கேதம் சொல்வது’ என்பதைவிடப் பொருத்தமான வார்த்தை எனக்குக் கிடைத்ததில்லை. கேதம் சொல்லப் போகிறவரின் பின்னாலேயே போனால் செத்தவருக்கு யார் யார் சொந்தம், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் தெரிந்துவிடும். ‘வாட்ச்மென்’ எழுதிய ஆலன் மூருக்கு அப்படி ஒரு வழி தேவைப்பட்டது. அவர் முதலில் நினைத்தது சார்ல்டன் என்ற கம்பெனியின் பழைய நாயகர்களை வைத்து எழுதத்தான். 1983-ல் ‘வாட்ச்மென்’ வெளியிட்ட டிசி கம்பெனி அவர்களை விலைக்கு வாங்கியிருந்தது. இந்தக் கதை வந்தால் அப்புறம் அவர்களை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது என்பதால், புதிதாக ஆட்களை உருவாக்கிக்கொள்ளச் சொன்னார் டிசியின் பதிப்பாசிரியர் டிக் ஜியோர்டானோ. ஆகவே 1986-ல் வந்த முதல் இதழில், வாசகர் அதுவரை பார்த்தே இராத ஆட்களை நாற்பது வருடம் பழகியவர்கள் போலக் காட்ட வேண்டியிருந்தது.

அதற்குத்தான் நீங்கள் சொன்ன முகமூடிக்காரர் ரோர்ஷாக்கின் அந்த நடை. ஜன்னல் வழியாக விழுந்து செத்த பிளேக்தான் காமெடியன் என்ற நாயகன். அவன் செத்துவிட்டான் என்ற சேதியை ஒவ்வொருவரும் எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவர்கூட அழுவதில்லை. உயிருள்ள உடலுக்கும் பிணத்துக்கும் துகள் எண்ணிக்கை ஒன்றுதான் என்கிறார் அதிசக்தி கொண்ட நாயகர் டாக்டர் மன்ஹாட்டன். தன் அம்மாவைப் பலாத்காரம் செய்யப் பார்த்தவன் அவன் என்கிறாள் முன்னாள் நாயகி லாரி. நாட்டுக்காக உழைத்துச் செத்தவரின் ஒழுக்கக் குறைகளைப் பேச வரவில்லை என்று ரோர்ஷாக் அதை ஒதுக்கிவிடுகிறார். அந்த ஒரு பதிலில் அவர் எப்படிப்பட்ட ஆள் என்பது தெரிந்துவிடுகிறது. இந்தக் காட்சிகளில் லாரிக்குக் கோபப்படுவதைத் தவிர வேலை கொடுக்கவில்லை என்பது என் குறை. இன்னொரு முன்னாள் நாயகர் வைட்டைச் சந்திக்கும் பக்கங்களும் சப்பென்றுதான் இருக்கும். அதைப் பற்றி இப்போது பேசினால் கதை கெட்டுவிடும்.

சண்டை இல்லை என்கிறீர்கள். இருக்கிறது, முதல் நான்கு பக்கத்திலேயே. இரண்டு போலீஸ்காரர்கள் பிளேக்கின் வீட்டைச் சுற்றிப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். நடுநடுவே சிவப்பேறிய கட்டங்களில் கொலை நடக்கிறது, அவர்களின் பேச்சு அதன்மேல் ஓடுகிறது. லிஃப்டில் தரைத்தளம் வருகிறது என்று ஒருவர் சொல்லும்போது படத்தில் பிளேக் தரையை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறார். டேவ் கிப்பன்ஸ் பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற அளவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பெரும்பாலும் அதற்குள்ளேயே நின்று இதை வரைந்திருக்கிறார். கண்டபடி கட்டத்தை உடைத்து முஷ்டி நீட்டும் காமிக்ஸ் பார்த்த கண்ணுக்கு இது மந்தமாகத்தான் தெரியும். முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. இதைத் தவிர இதழில் உள்ள ஒரே அடிதடி, மதுக்கடையில் ரோர்ஷாக் ஒருவனின் விரல்களை ஒடிப்பது. அவனுக்கு எதுவுமே தெரியாது.

நீங்கள் முத்து காமிக்ஸ் வாசகர் என்பதால் ஒன்று. பிரிட்டனின் பழைய காமிக்ஸ் நாயகர்களை வைத்து மூர் பின்னால் ஒரு கதைக்கரு கொடுத்தார். அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் அதை எழுதினார்கள். 2005-ல் தொடங்கிய ‘ஆல்பியன்’ என்ற அந்த ஆறு இதழ்த் தொடரில் நம் இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் உண்டு.

சரி, அந்த வெறும் எழுத்துப் பக்கங்கள். நானும் அவற்றைப் புரட்டித் தள்ளியவன்தான். ஹாலிஸ் மேசன் என்ற ஓய்வுபெற்ற நாயகரின் சுயசரிதை அது. அதில் ஒரு மெக்கானிக் ஷெட் முதலாளி வருகிறார். வேடிக்கைக்காகச் செயற்கை முலைகளை மாட்டிக்கொண்டு இசைத்தட்டு கேட்கிறவர். ஒருநாள் அதே கோலத்தில் இருக்கும்போது, அவர் மனைவி பெரிய மெக்கானிக்கோடு ஓடிப்போய்விட்டாள் என்று கடிதம் வருகிறது. பின்னணியில் இசை ஓட, அழுதுகொண்டே வெளியே வந்து அதைச் சொல்கிறார். வேலையாட்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று இரவு அவர் தற்கொலை செய்துகொள்கிறார்.

அந்த எழுத்துப் பக்கங்களுக்கு முந்தைய பக்கத்தில்தான் முன்னாள் நாயகர் டேனும் லாரியும், ரோர்ஷாக் லிஃப்ட் குழிக்குள் தூக்கிப் போட்ட ஒருவனை நினைத்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நீங்களும் அங்கே சிரித்தீர்களா என்று எழுதுங்கள். இரண்டாம் இதழ் காமெடியனை அடக்கம் செய்யும் இடத்தில் தொடங்குகிறது. கேதம் கேட்டாயிற்று, அதுவரைக்குமாவது போய்விட்டு வாருங்கள்.