மியூனிக் வீட்டில் வேலைக்கு ஒரு மூலை: ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மேசையைப் போடுங்கள்

வணக்கம் தம்பி. கோயம்புத்தூரிலிருந்து மியூனிக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது என்றும், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்றும், சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பை வைத்து உட்காருவதால் இப்போதே முதுகு வலிக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். நல்ல மேசையும் நாற்காலியும் எங்கே வாங்குவது, எவ்வளவு செலவழிப்பது என்பது உங்கள் கேள்வி. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இந்த ஊரில் பல குளிர்காலங்களை வீட்டு மேசையில் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மேசையை வாங்குவதற்கு முன் அதை எங்கே போடுவது என்று முடிவு செய்யுங்கள், அந்த முடிவை வரப்போகும் குளிர்காலத்தை மனத்தில் வைத்துச் செய்யுங்கள்.

டிசம்பர் கடைசியில் இங்கே காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். மாலை நாலரைக்கு முன்பே மறைந்துவிடும். இடைப்பட்ட நேரத்திலும் பல நாள்கள் வானம் சாம்பல் நிறமாகவே இருக்கும். நம் ஊரில் வெயிலுக்கு ஒதுங்கி வீட்டின் உள்பக்கத்து அறையைத் தேர்ந்தெடுப்பது பழக்கம். அதே பழக்கத்தில் இங்கேயும் ஓர் உள்மூலையில் மேசையைப் போட்டால், நவம்பர் பாதியிலேயே காரணம் தெரியாத சோர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே வீட்டில் அதிக வெளிச்சம் தரும் ஜன்னலைக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கவாட்டில் மேசையைப் போடுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மானிட்டரில் ஒளி பிரதிபலிக்கும். நேர் எதிரே இருந்தால் கண் கூசும். தெற்குப் பார்த்த ஜன்னல் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். டிசம்பரில் நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து இருபது பாகைக்கும் குறைவான உயரத்தில்தான் நிற்கும். வெயில் அறைக்குள் நெடுந்தூரம் படுத்தபடி வந்து நேரே முகத்தில் அடிக்கும். மெல்லிய வெள்ளைத் திரை ஒன்று போட்டால் கூச்சம் போய்விடும், வெளிச்சம் நிற்கும்.

பகல் போதாத நேரத்திற்கு விளக்கு வேண்டும். இங்கே வாடகை வீடுகளில் பெரும்பாலும் கூரையில் வெறும் ஒயர்தான் தொங்கும் என்பதை இதற்குள் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியில் அலுவலக மேசைக்கு 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்பது விதி; கூரையில் மாட்டும் ஒற்றை மஞ்சள் பல்பு அதற்கு அருகில்கூட வராது. 4000 கெல்வின் அளவிலான வெள்ளை ஒளி தரும் மேசை விளக்கு ஒன்றும், சுவரில் ஒளி பட்டுத் திரும்பும்படி நிற்கும் விளக்கு ஒன்றும் சேர்ந்தால் அறையே மாறிவிடும். இந்தச் செலவில் கை இழுக்காதீர்கள்.

ஜன்னலோரம் என்றதும், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல் மேசையை ஒட்டிவிடக் கூடாது, ஏனெனில் பெரும்பாலான வீடுகளில் அது ஜன்னலுக்கு அடியில்தான் இருக்கும். சூடான காற்று மேலே எழும்பி அறையில் சுற்ற இடம் வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால் வெந்து, முதுகு குளிரும். வெளிச்சுவரை ஒட்டி அலமாரியோ புத்தகத் தட்டோ போட்டால் சுவருக்கும் அதற்கும் நடுவே ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். அறைக்குள் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடிப்பது இந்த நாட்டில் வாடகைக்காரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் தீராத வழக்கு. நாம் இட்லி வேகவைத்து, குழம்பு கொதிக்கவைத்து, துணியையும் உள்ளேயே காயப்போடுகிறவர்கள். நம் வீட்டில் ஈரம் கூடுதலாகவே இருக்கும். காலையில் ஜன்னல் கண்ணாடியின் கீழ்விளிம்பைப் பாருங்கள். அங்கே நீர் முத்துமுத்தாகக் கோத்து நின்றால் உடனே துடைத்துவிடுங்கள்; அங்குள்ள ரப்பர் பட்டையில் மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தோன்றினால் அதுதான் பூஞ்சையின் தொடக்கம். ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் உள்நோக்கிச் சாய்த்து நாள் முழுக்க வைப்பதால் பயனில்லை. அது சுவரைக் குளிரவைத்து நிலைமையை மோசமாக்கும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, ரேடியேட்டரை அணைத்துவிட்டு, எல்லா ஜன்னல்களையும் ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடுங்கள். ஒரு மீட்டிங் முடிந்ததும் எழுந்து இதைச் செய்வது என்று வைத்துக்கொண்டால் உடம்புக்கும் அது ஓர் இடைவேளை. அடைத்த அறையில் பிற்பகலில் வரும் தலைபாரமும் குறையும்.

இனி நாற்காலி. பணத்தை மேசையைவிட நாற்காலியில் போடுங்கள். அலுவலகங்கள் இடம் மாறும்போது கழித்துவிடும் நாற்காலிகளைச் சீர்செய்து விற்கும் கடைகள் இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் உண்டு. பழைய பொருள்களைத் தனிநபர்கள் விற்கும் கிளைன்அன்சைகன் என்ற இணையதளத்திலும் தேடலாம். ஸேடுஸ், இன்டர்ஸ்டூல், வில்க்ஹான் போன்ற ஜெர்மன் தயாரிப்புகள் பத்து ஆண்டு உழைத்த பிறகும் உறுதியாக இருக்கும். புதிதில் பல நூறு யூரோ விலையுள்ளவை பழையதாக அதில் ஒரு பகுதிக்கே கிடைக்கும். வாங்கும்போது உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாமல் குனிந்து சக்கரங்களையும் பாருங்கள். மரத்தரைக்கும் லேமினேட் தரைக்கும் மென்மையான சக்கரம் வேண்டும். உருளும் விளிம்பு வேறு நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் அது மென்மையான வகை. ஒரே நிறத்தில் கடினமாக இருப்பவை கம்பளத்துக்கானவை. அவை தரையில் கோடு போட்டுவிட்டால், வீடு காலிசெய்யும்போது டெபாசிட்டில் கழிப்பார்கள். அடியில் ஒரு விரிப்பைப் போட்டுவிட்டால் கீழ்வீட்டுக்காரருக்கும் உருளும் சத்தம் கேட்காது. அமைதியைப் பெரிதாக மதிக்கும் ஊர் இது.

மேசை விஷயத்தில் உயரம் ஒன்றுதான் பிரச்சினை. இங்குள்ள சாதாரண மேசைகள் 72 முதல் 75 சென்டிமீட்டர் உயரம். நம்மில் பலருக்கு அது கூடுதல். முழங்கை செங்கோணத்தில் மேசைமேல் படியும்படி நாற்காலியை உயர்த்தினால் கால் தொங்கும். அப்படித் தொங்குவதும் முதுகுவலிக்கு ஒரு காரணம். உயரத்தை மாற்றக்கூடிய மேசை வாங்க முடிந்தால் நல்லது, இல்லையேல் காலுக்கடியில் ஒரு பலகை போதும். லேப்டாப்பைத் தாழ வைத்துக் குனிந்து பார்ப்பதை மட்டும் இன்றோடு விடுங்கள்: தனி மானிட்டர், அதன் மேல்விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில்.

எதையும் வாங்கும் முன் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அதில் ‘டெலிஆர்பைட்’ (வீட்டிலேயே நிலையான பணியிடம்) என்று எழுதி ஒப்புக்கொண்டிருந்தால், 2016-இல் திருத்தப்பட்ட பணியிட விதிகளின்படி வீட்டில் மேசை, நாற்காலி, கருவிகள் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துதர வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. ‘மொபைலஸ் ஆர்பைட்டன்’ (எங்கிருந்தும் வேலை செய்வது) என்று இருந்தால் அந்தக் கடமை இல்லை, ஆனாலும் கேளுங்கள். மானிட்டரையும் கீபோர்டையும் கேட்டால் கொடுக்கும் நிறுவனங்கள் பல. கேட்கத் தயங்குவது நம் சுபாவம். இங்கே கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் மனைவி ஜெர்மன் வகுப்புக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். அவருக்கும் படிக்க ஓர் இடம் வேண்டும். அதனால் கதவுள்ள படுக்கையறையின் ஜன்னலோரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு, கூடத்துச் சாப்பாட்டு மேசையை அவருக்கு விட்டுவிடுவதே சரி என்பேன். குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். கோயம்புத்தூர் குழுவோடு பேச வேண்டியதெல்லாம் உங்கள் காலை நேரத்தில்தான் வந்து குவியும். அந்த நேரத்தில் அவர் கூடத்தில் மூச்சுவிடாமல் ஒதுங்கியிருக்க நேர்ந்தால், புதிய ஊரில் ஏற்கெனவே தனியாக இருப்பவருக்கு வீடும் அந்நியமாகிவிடும். கதவை மூடிக்கொண்டு பேசுங்கள். மதியம் வெளிச்சம் இருக்கும்போதே இருவரும் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். வேலை முடிந்ததும் லேப்டாப்பை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டுங்கள். படுக்கையிலிருந்து அது கண்ணில் படக் கூடாது.

கோடையில் சிக்கல் தலைகீழாகும். ஏசி இல்லாத வீடுகளே அதிகம். வெளிப்பக்கம் இறக்கும் ரோலாடன் என்ற சுருள் மறைப்பு உங்கள் ஜன்னலில் இருந்தால் வெயில் படும் முன்பே முக்கால்வாசி இறக்கிவிட்டு, இரவில் திறந்து காற்று விடுங்கள்.

கடைசியாக வரி. 2023 முதல், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளுக்கு 6 யூரோ வீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 210 நாளுக்கு, அதாவது 1,260 யூரோ வரை வருமான வரியில் செலவாகக் காட்டலாம். தனி அறை தேவையில்லை, படுக்கையறை மூலை போதும். வேலைக்காக வாங்கிய மேசை, நாற்காலி, விளக்கு ஆகியவற்றைத் தனியாகவும் காட்டலாம். ஆனால் சம்பளக்காரர் எல்லோருக்கும் தானாகவே கழியும் 1,230 யூரோவை உங்கள் மொத்தச் செலவு தாண்டினால்தான் பலன் உண்டு. வாரம் மூன்று நாள் கணக்கில் வீட்டு நாள்களால் மட்டும் அந்த எல்லையை எட்ட முடியாது; நாற்காலியும் விளக்கும் அலுவலகம் போய்வரும் தூரமும் சேர்ந்தால் எட்டிவிடலாம். எனவே எந்தெந்த நாள் வீட்டிலிருந்தீர்கள் என்பதைக் காலண்டரில் குறித்துவையுங்கள். பழைய பொருளைத் தனிநபரிடம் வாங்கினாலும் தேதி, விலை, கையெழுத்தோடு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.