மாத லென்ஸை முப்பது தடவை போடலாமா? கான்டாக்ட் லென்ஸ் கேள்வி பதில்

லென்ஸ் போடும் நேரக்கணக்கு, கண் வறட்சி பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவர் தரும் பதில்கள்.

கேள்வி: மேடம், மாத லென்ஸ் வாங்கியிருக்கேன். வாரத்துக்கு மூணு நாள்தான் போடுறேன். அப்போ முப்பது தடவை போட்டுட்டுத் தூக்கிப் போடலாம்தானே?

இல்லை. உறையைக் கிழித்த அன்றே கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். போட்டாலும் போடாவிட்டாலும் முப்பதாவது நாள் அது குப்பைக்குத்தான். உறைக்குள் கிருமியில்லாமல் இருந்த லென்ஸ், பிரித்த பிறகு உங்கள் டப்பாவையும் விரலையும் நம்பித்தான் இருக்கிறது. பத்து நாள் அதே சொல்யூஷனில் ஊறிக் கிடந்தால் கிருமியைக் கொல்லும் சக்தி குறைந்துவிடும். டப்பாவின் உள்சுவரில் கிருமிகள் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் போடுகிறவருக்குத் தினசரி லென்ஸ்தான் சரி. சொல்யூஷன், டப்பா செலவும் சேர்த்துப் பார்த்தால் விலை வித்தியாசம் நினைப்பதைவிடக் குறைவு.

கேள்வி: என் லென்ஸ் அட்டையில் தூங்கும்போதும் அணியலாம் என்று இருக்கிறது. நைட் பஸ்ஸில் அப்படியே தூங்கிவிடுகிறேன். பரவாயில்லையா?

அட்டையில் போட்டிருப்பது ஆக்சிஜன் கணக்கு. கிருமிக் கணக்கு வேறு.

கருவிழிக்கு, அதாவது கண்ணின் முன்பக்கத்திலுள்ள தெளிந்த படலத்துக்கு (கார்னியா), ரத்தக்குழாய் கிடையாது. கண் திறந்திருக்கும்போது காற்றிலுள்ள 21 சதவீத ஆக்சிஜன் கண்ணீரில் கரைந்து அதற்குப் போய்ச் சேர்கிறது. கண்ணை மூடினால் இமையின் உட்பக்கத்திலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 8 சதவீதத்துக்குச் சமம். லென்ஸே இல்லாமல் தூங்கி எழுந்தாலும் கருவிழி 3 முதல் 4 சதவீதம் வீங்கியிருக்கும். அதற்கு மேல் வீங்காமல் இருக்க லென்ஸின் ஆக்சிஜன் கடத்தும் எண் பகலுக்கு 24, இரவுக்கு 87 வேண்டும் என்று 1984-இல் ஹோல்டன், மெர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 1999-இல் விற்பனைக்கு வந்த சிலிக்கான் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் அந்த எண்ணைத் தாண்டின. வீக்கப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் கருவிழித் தொற்று குறையவில்லை. பகலில் மட்டும் மென் லென்ஸ் அணிகிறவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு 4 பேர் அளவில் வருவது, தூங்கும்போதும் அணிகிறவர்களிடம் 20 பேர் அளவில் வருகிறது.

தூக்கத்தில் சிமிட்டல் இல்லாததுதான் காரணம். ஒவ்வொரு சிமிட்டலும் கண்ணைக் கழுவுகிற வேலை. மென் லென்ஸுக்கு அடியிலுள்ள கண்ணீர் பகலிலேயே மெதுவாகத்தான் மாறும், தூக்கத்தில் கிட்டத்தட்டத் தேங்கிவிடும். தேங்கிய நீரும் லேசாக அடிபட்ட கருவிழித் தோலும் சூடோமோனாஸ் கிருமிக்குப் போதும். ஆகவே பஸ் ஏறும் முன் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள். மதியக் குட்டித் தூக்கத்துக்கும் இதே விதிதான்.

கேள்வி: ஐ.டி. வேலை, ஏ.சி. அறை. காலை 8 மணிக்குப் போட்டால் மாலை 4 மணிக்கு எரிச்சல். சொட்டு மருந்து விட்டும் அரை மணி நேரம்தான் தாங்குகிறது.

கண்ணீர்ப் படலத்தின் தடிமன் சுமார் 3 மைக்ரான். உங்கள் லென்ஸ் அதைப்போல இருபது, முப்பது மடங்கு தடிமன். அது நடுவில் உட்கார்ந்து படலத்தை மேல், கீழ் என இரண்டாகப் பிளக்கிறது. மேலே மிஞ்சுகிற மெல்லிய நீரின் மீது எண்ணெய்ப்பசை ஒழுங்காகப் பரவாது. எண்ணெய் இல்லாத நீர் சீக்கிரம் ஆவியாகும். அடுத்த சிமிட்டலுக்குள் லென்ஸில் காய்ந்த திட்டுகள் விழுந்துவிடும்.

நிமிடத்துக்கு 15 தடவை சிமிட்டுகிறவர் திரை முன் ஐந்தாறு தடவைதான் சிமிட்டுகிறார். அதிலும் பாதி அரைச் சிமிட்டல். மேலிமை கீழே வந்து தொடுவதில்லை. சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால், கருவிழியின் கீழ்ப்பகுதியில் சிரிக்கும் வாய்போல வளைந்த பச்சைப் புள்ளி வரிசை தெரியும். அந்த இடம் காய்ந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஏ.சி. காற்று முகத்தில் நேராக அடிக்காத இடத்தில் உட்காருங்கள். திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்குங்கள். மணிக்கொரு முறை கண்ணை முழுசாக மூடி இரண்டு நொடி வைத்துத் திறங்கள், பத்துத் தடவை. மாலையில் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். சொட்டு மருந்து பாட்டிலில் பென்சல்கோனியம் குளோரைடு (மருந்து கெடாமல் இருக்கச் சேர்ப்பது) என்றிருந்தால் லென்ஸோடு விடாதீர்கள். மென் லென்ஸ் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கண்ணுக்குள் கசியவிடும். ‘தண்ணீர்ச் சதவீதம் அதிகம், அதனால் ஈரமாக இருக்கும்’ என்று கடையில் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். மெல்லிசான அத்தகைய லென்ஸ் காயும்போது உங்கள் கண்ணீரைத்தான் குடிக்கும்.

கேள்வி: முதல் தடவை போடப் போகிறேன். எத்தனை மணி நேரம்?

முதல் நாள் 4 மணி நேரம். பிறகு தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் கூட்டுங்கள். உச்ச வரம்பு உங்களைப் பரிசோதித்தவர் சொன்னதுதான்.

கேள்வி: லென்ஸைக் கழற்றிய பிறகுதான் கண் அதிகமாக அரிக்கிறது. ஏன்?

இரண்டு வார லென்ஸை ஆறு வாரம் இழுக்கிறீர்களோ? கண்ணீரிலுள்ள புரதம் லென்ஸில் படிந்து, மேலிமையின் உட்புறத்தில் உரசி, ஒவ்வாமைக் கொப்புளங்களைக் கிளப்பும். இமையைப் புரட்டினால் கூழாங்கல் பரப்பியதுபோலத் தெரியும். சில வாரம் லென்ஸை நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சொல்யூஷன் தீர்ந்துவிட்டால் ஒரு ராத்திரிக்கு ஆர்.ஓ. தண்ணீர்? அல்லது சலைன்?

இரண்டும் கூடாது. சலைன் வெறும் உப்புநீர். அலசும், கிருமியைக் கொல்லாது. தண்ணீரில், ஆர்.ஓ. தண்ணீரிலும்கூட, அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கலாம். அது கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் மருந்து. அந்த லென்ஸைத் தூக்கிப் போடுவது மலிவு. தினமும் பழைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள், மேலே நிரப்பக் கூடாது. உள்ளங்கையில் வைத்து ஒரு பக்கத்துக்கு 20 நொடி தேய்த்து அலசுங்கள். டப்பாவைக் கவிழ்த்துக் காயவிடுங்கள், மூன்று மாதத்துக்கொன்று மாற்றுங்கள்.

கேள்வி: கண் மை போடலாமா?

லென்ஸ் முதலில், மை பிறகு. இமையோரத்தின் உள்விளிம்பில் இழுக்காதீர்கள். எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: காலையிலிருந்து ஒரு கண் மட்டும் சிவப்பு, வெளிச்சம் கூசுகிறது. மெடிக்கலில் சொட்டு மருந்து கேட்டு வாங்கட்டுமா?

வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்று உள்ளே பரவும். உடனே இரண்டு லென்ஸையும் கழற்றுங்கள். கண்ணைக் கட்டி மூடாதீர்கள். லென்ஸை டப்பாவோடு எடுத்துக்கொண்டு இன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். தேவைப்பட்டால் அதிலிருந்தே கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: லேசிக் (லேசர் பார்வைத் திருத்த சிகிச்சை) அளவெடுக்கப் போகும் முன் எப்போது நிறுத்த வேண்டும்?

மென் லென்ஸ் ஒன்றிரண்டு வாரம் முன்பே, கெட்டி லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரம் முன்பே. லென்ஸ் அழுத்தி மாறிய வளைவு பழைய நிலைக்குத் திரும்ப அவ்வளவு நாளாகும்.